முழங்கைக் காயம்

உரும்பிராயிலை ஒருத்தன் தோட்டக்காரனோ எண்டு அறிய, அவன்ரை வலது முழங்கையைப் பாத்தால் போதும். காயம் இருக்கும்.

காரணம் சோமசேகரம். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழிலை, கிணத்துத் தண்ணி இறைக்கிற மிசினை ஊரிலை முதல் முதல் வாங்கினது அந்த மனுசன்தான். வாங்கி, கொட்டில் சுவரோடை ஒட்டி வைச்சிட்டார். கயிறு சுத்தி இழுத்து ஸ்டார்ட் ஆக்கேக்கை முழங்கை சுவரிலை இடிக்கும். பிறகு வாங்கின சனமும் அதைப் பாத்து அப்பிடியே வைச்சுது. இருவது வருசமா ஊரே இடிபடுது.

நான் மிசின் திருத்திறவன். சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சதுதான் மிச்சம்.

"திருப்பி வையுங்கோவன்" எண்டால், "சோமசேகரத்தார் அப்பிடித்தானே வைச்சவர்" எண்டு சொல்லுவினம்.

என்ரை மிசின் மட்டும் முறைப்படி நிக்குது. இழுக்கிற பக்கம் வெளி, புகைக்குழாய் வேலிப் பக்கம். வேலிக்கு அங்காலை சோமசேகரம் வீடு. வேலியை எங்கடை காணிக்குள்ளை அரக்கிப்போட்டார் எண்டு நான் வழக்குப் போட்ட நாளிலை இருந்து எங்களுக்குள்ளை கதைபேச்சு இல்லை.

பொங்கலுக்குப் பொங்கல் மனுசன் ஏணி வைச்சு, வேலிப் பக்கம் இருக்கிற சமையல் குசினியின்ரை பின்சுவருக்கு மட்டும் வெள்ளை அடிப்பார்; உயந்த வேலிக்கு மேலாலை எனக்கு அவரின்ரை தலைதான் தெரியும். "மூளை இருந்தால் முன்சுவருக்கெல்லோ அடிப்பான்" எண்டு என்ரை மனுசி ஞானாம்பிகைக்குச் சொல்லிச் சிரிப்பன். அவள் சிரிக்கமாட்டாள். சிரிச்சால் மூச்சு இழுப்பு வந்திடும், பாவம்.

போன மாரி மழைக்கு அவரின்ரை மிசின் கொட்டில் விழுந்திட்டுது. அவரின்ரை மனுசி மீனாம்பிகை வேலிக்காலை கூப்பிட்டா.

"அண்ணை, புதுக் கொட்டில் போட்டாச்சு. மிசினை ஒருக்காப் பூட்டித் தாறியளோ? இவர் கேக்க வெக்கப்படுறார்."

விடுவனே? போய், மிசினை மற்றப் பக்கம் திருப்பிப் பூட்டினன்.

சோமசேகரம் வந்து பாத்தார். "உப்பிடி வேண்டாம். புகை..."

"ஊரை இவ்வளவு காலம் இடிபட வைச்சது காணும்" எண்டு சொல்லிக் கயிற்றை இழுத்தன். முழங்கை ஒண்டிலையும் படேல்லை. பெரிய எஞ்சினியர் மாதிரி நிமிந்து நிண்டன்.

புகை வேலிக்கு மேலாலை எங்கடை வளவுக்குள்ளை போச்சுது. கொஞ்ச நேரத்திலை ஞானாம்பிகை இருமிற சத்தம். பிறகு மூச்சு இழுக்கிற சத்தம்.

சோமசேகரம்தான் பாஞ்சு மிசினை நிப்பாட்டினார். நான் வீட்டை ஓடினன். புகை அடங்க, அவளுக்கும் மெல்ல மெல்ல மூச்சுத் திரும்பிச்சுது. தலையைக் குனிஞ்சுகொண்டு திரும்பி வந்தன்.

"ஞானாம்பிகைத் தங்கச்சிக்கு அப்பவும் இழுப்புத்தானே. அதுதான் சுவரோடை வைச்சு, புகையை எங்கடை வாழைப் பக்கம் விட்டனான்" எண்டார் சோமசேகரம்.

"அப்ப ஊர்ச் சனம்?"

"அவை ஏன் எண்டு கேக்கேல்லை. நீங்கள் என்னோடை கதைக்கிறேல்லை."

மிசினைப் பழையபடி திருப்பி வைச்சு இழுத்தன். முழங்கை நல்லாய் இடிச்சுது. தடவிக்கொண்டு நிமிந்தால், அவையின்ரை குசினிப் பின்சுவர் கன்னங்கரேல் எண்டு நிக்குது.

"உதென்ன, உவ்வளவு கரி?"

மீனாம்பிகைதான் சொன்னா.

"அது உங்கடை மிசின்ரை புகை, அண்ணை. பொங்கல் வருகுதுதானே, வெள்ளை அடிச்சால் சரி."