பெருமாளுக்குப் படைத்த சாம்பார்

ஆண்டாளம்மாளுக்குக் கால் முறிந்ததிலிருந்து புருஷன் பூவராகன்தான் சமையல். பெருமாளுக்குப் படைக்குமுன் ருசி பார்க்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

"இன்னிக்கும் வாயில வைக்க முடியலன்னா என் தங்கச்சிய வரச் சொல்லிடுவேன்" என்று அவள் கட்டிலிலிருந்தே மிரட்டியிருந்தாள். கொழுந்தியாள் வந்தால் சமையல் நன்றாக இருக்கும். பூவராகனால்தான் வீட்டில் இருக்க முடியாது.

சாம்பாரைப் பூஜை அலமாரியில் வைத்து, திரையை இழுத்து, மணியடிக்கும்போதுதான் உப்பு போடாதது உறைத்தது. படைத்ததில் இனிக் கை வைக்க முடியாது.

"பாவம், அவ பசியா இருக்கா. நீயே பாத்துக்கப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முதல் கவளத்திலேயே ஆண்டாளம்மாள் நிமிர்ந்தாள். "என்னங்க, உப்பு கணக்கா இருக்கே! பக்கத்து வீட்டுல வாங்கினீங்களா?"

பூவராகன் ஓடிப்போய்ப் பார்த்தார். பெருமாள் விக்கிரகத்தின் விரல் நுனியில் உப்பு ஒட்டியிருந்தது.

மறுநாள் அவர் புளியும் கரைக்கவில்லை, பொடியும் போடவில்லை. வெறும் பருப்பை வேகவைத்து உள்ளே வைத்து, திரையை இழுத்துவிட்டார்.

"அவசரமில்லப்பா, நிதானமா செய்."

திரைக்குப் பின்னால் கடுகு வெடித்தது.