குறுக்குத் தெருவில் 2,140 வண்டிகள்

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை, பதினேழே வீடுகள் உள்ள நான்காம் குறுக்குத் தெருவில் 2,140 வண்டிகள் சென்றதாக நகராட்சியின் பதிவு சொல்கிறது.

அவற்றில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, தெருச் சங்கச் செயலாளரின் ஸ்கூட்டர்.

"முப்பது வருஷம் ஆபீஸ்ல நாற்காலியை விட்டு எந்திரிக்காத மனுஷன். இன்னிக்கு என்னடான்னா பம்பரமா சுத்துறீங்க" என்றாள் மனைவி, வாசலில் நின்றபடி. அவளுடைய வலது கையில் மாவுக்கட்டு. வீட்டெதிரே இருந்த பள்ளத்தில் வண்டியோடு விழுந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதே பள்ளத்தில் அவள் விழுந்தது அது மூன்றாவது முறை.

"எல்லாம் உன் கைக்காகத்தான் சுத்துறேன்" என்றபடி அவர் மறுபடியும் ரப்பர் குழாயைத் தாண்டினார்.

குழாயை முந்தின நாள் மாலை தெருவுக்குக் குறுக்கே பதித்துவிட்டுப் போனவர் நகராட்சிக் கணக்கெடுப்பாளர். ஒரு முனை, விளக்குக் கம்பத்தில் பூட்டியிருந்த பெட்டிக்குள் போனது. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஏறி இறங்கினால் பெட்டியில் ஒரு எண் கூடும்.

"பழுது பாக்கிற பணம் கொஞ்சம்தான் சார், தெரு நிறைய. அதனால வண்டி எண்ணித்தான் பிரிக்கிறாங்க" என்று அவர் விளக்கியிருந்தார். "ஒரு நாளைக்கு ஐநூறு தாண்டினா இந்த வருஷமே பள்ளத்தை மூடிடுவோம். இல்லைன்னா வரிசை."

"வரிசைன்னா?"

"நாலு வருஷம்."

செயலாளர் குழாயை ஒரு முறை பார்த்தார். "ஐநூறுக்கும் மேல போனா?"

"ரெண்டாயிரம் தாண்டிட்டா ஃபைல் எங்க கையில இருக்காது சார். பெரிய ரோடு பிரிவுக்குப் போயிடும்."

"அவங்ககிட்ட பணம் உண்டா?"

"அவங்களுக்கென்ன சார், கொட்டிக் கிடக்கு."

அந்தப் பிரிவு என்ன வேலை செய்கிறது என்று செயலாளர் கேட்கவில்லை. பணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வேலையைப் பற்றிக் கேட்கிற வழக்கம் அவருக்கு உத்தியோகத்திலும் இருந்ததில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குப் பெட்டியின் சின்ன ஜன்னலில் 514 என்று தெரிந்தது.

"ஐநூறு தாண்டிடுச்சுங்க. நிறுத்திட்டு வந்து சாப்பிடுங்க."

"போடி இவளே. காத்துள்ளபோதே தூத்திக்கணும். ஐநூறுக்கு ஒட்டு போடுவான், ரெண்டாயிரத்துக்குப் புது ரோடே போடுவான்!"

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர் தன் நான்கு கார்களையும் இறக்கினார். அன்றைக்குப் பாடம் முழுவதும் இந்தத் தெருவிலேயே நடந்தது. தண்ணீர் லாரிக்காரர் காலி லாரியோடு பதினெட்டு முறை வந்து போனார். வெளியூரிலிருந்து மாப்பிள்ளையும் வரவழைக்கப்பட்டார்.

"லீவு போட்டுட்டு வந்திருக்கேன் மாமா. அவசரம்னு சொன்னீங்களே, யாருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. காரை விட்டு இறங்காதீங்க. அந்த முனை வரைக்கும் போய்த் திரும்பி வாங்க."

"எத்தனை தடவை?"

"இருட்டுற வரைக்கும்."

ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்தது. செயலாளர் குழாயின் மீது ஏறிக் குதிக்கத் தொடங்கினார். இரண்டு குதி, ஒரு வண்டி.

"மானம் போகுதுங்க" என்றாள் மனைவி.

"போனா போகட்டும், ரோடு வருது!"

ஆறு மணிக்கு வந்த கணக்கெடுப்பாளர், ஜன்னலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பதினேழு வீட்டுக்கு இத்தனை வண்டியா சார்?"

"குறுக்கு வழின்னு ஊரே இப்படித்தான் வருது. இன்னிக்குக் கொஞ்சம் கம்மி."

"அப்படின்னா இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. இது வழக்கமான நாள்தான்னு தெருக்காரங்க யாராவது ஒருத்தர் உறுதி சொல்லணும்."

செயலாளர் போட்டார். பேருக்குக் கீழே பதவியையும் எழுதினார்.

நாற்பது நாள் கழித்துப் பெரிய ரோடு பிரிவின் ஜீப் வந்து நின்றது. சங்கம் முழுவதும் வாசலில் கூடியது. டிரைவிங் ஸ்கூல்காரர் சால்வையோடு வந்திருந்தார். மாவுக்கட்டுப் பிரித்த கையால் மனைவி எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள்.

"சிங்கம்யா நம்ம செயலாளர். சொன்னதைச் செஞ்சுட்டாரு" என்றார் லாரிக்காரர்.

"இதான் சார் அந்தப் பள்ளம்" என்று செயலாளர் பொறியாளருக்குக் காட்டினார். "மொதல்ல இதுலேருந்து ஆரம்பிக்கணும்."

பொறியாளர் பள்ளத்தைத் தாண்டிப் போனார். தெருவின் நடுவில் டேப்பின் ஒரு முனையை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டே நடந்தார். செயலாளர் வீட்டு கேட்டைத் திறந்தார். பூந்தொட்டிகளைக் கடந்தார். படியேறினார்.

"தண்ணி வேணுமா சார்?" என்று கேட்டுக்கொண்டே செயலாளர் பின்னால் ஓடினார்.

பொறியாளர் கூடத்துக்குள் மூன்றடி வந்து நின்று, டேப்பைப் படித்து, சிவப்புச் சாக்கட்டியைக் கையில் எடுத்தார்.

"அந்த சோபாவைக் கொஞ்சம் நகத்துங்கம்மா, ரோடு இதுவரைக்கும் வருது."