பவர் இல்லாத கார்

ஆறு காரில் ஆறாவதாக வந்து முடித்துவிட்டு, றேமண்ட் கேம் கண்ட்ரோலரை மடியில் வைத்தான்.

“காரில பவரே இல்ல. எஞ்சினைச் செய்யேல்லையா?”

பக்கத்தில் இருந்த தங்கச்சி ஐறீன் டிவியைப் பார்த்தபடி சொன்னாள்.

“இல்ல அண்ணா. பரிசுக் காசு போதேல்ல.”

அவன் அன்று மத்தியானம்தான் வீட்டுக்கு வந்திருந்தான். ஏழு மாதம் தடுப்புக் காவலில் இருந்தவன்.

கொழும்பு கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க் வேலை. ஒரு நாள் பின்னேரம் கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் வரும்போது சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்தது. சண்டை நடந்த அந்த வருடம், பிடித்துக்கொண்டு போக அது போதுமாயிருந்தது.

மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் ஐறீனும் அம்மா புளோறன்ஸும். பக்கத்தில் ஒரு காவலாளி. எதைக் கதைத்தாலும் அவன் காதில் விழும்.

அம்மா அழுவாள். அண்ணனும் தங்கச்சியும் காரைப் பற்றிக் கதைப்பார்கள்.

பிளேஸ்டேஷனில் றேமண்ட் வைத்திருந்த நீலக் கார் அது. அந்த கேமில் கார் ஓட ஓட எஞ்சின் தேயும், பவர் குறையும். ஒயில் மாற்றினால் கொஞ்சம் திரும்பி வரும். முழுதாக வர வேண்டும் என்றால் எஞ்சினைப் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு ஓட்டங்களில் வென்று பரிசுப் பணம் சேர்க்க வேண்டும்.

முன்பெல்லாம் ஐறீன் கண்ட்ரோலரைத் தொட்டாலே அவன் சத்தம் போடுவான். அவன் போன பிறகு அந்தக் காரை அவள்தான் ஓடினாள். வெள்ளவத்தையில் புடவைக் கடை வேலை முடிந்து வந்து, முகம் கழுவ முதல் ஒரு ஓட்டம். தோற்றுக்கொண்டே இருந்தால் அடுத்த மாதம் போய் அண்ணனிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

“ஒயில் மாத்தினியா?” என்று வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பான்.

“மாத்தினனான். எண்டாலும் மேட்டில இழுக்குதில்ல.”

ஒருமுறை காவலாளி குறுக்கே வந்தான்.

“மொன கார் எக்கத?”

எந்தக் கார், எங்கே நிற்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே போனான். அது டிவிக்குள் ஓடும் கார் என்று ஐறீன் சொல்லி முடித்தபோது, அவன் நம்பாமல் றேமண்டைப் பார்த்தான். பிறகு சிரித்தான். தன் மகனிடமும் அப்படி ஒன்று இருக்கிறதாம்.

போன மாதம் றேமண்ட் சொன்னான்: “நான் வாறதுக்கிடையில எஞ்சினை ஒருக்காச் செய்து வை.”

வருவேன் என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

“அதை மட்டும்தானே கேட்டனான்,” என்றான் இப்போது.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஐறீனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அவன் ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது அவள் கண்ட்ரோலரை நீட்டினாள்.

“கேமில இருந்த மற்றக் காரை வித்துப்போட்டு எஞ்சினைச் செய்திட்டன். ஓடிப் பார்.”

அவன் வாங்கினான்.

“ஆக்ஸிலேட்டர் இப்ப மேல இருக்கு, சுட்டுவிரலுக்கு. நான் அப்பிடித்தான் ஓடிப் பழகினனான். கீழ, பெருவிரலுக்கு வச்சா எனக்குச் சரிவராது.”

றேமண்ட் ஒருமுறை அவளைப் பார்த்தான். சுட்டுவிரலை மேல் பட்டனில் வைத்தான்.

கார் போனது. முதல் நேர் ரோட்டிலேயே இரண்டு பேரை முந்தியது. பாலத்துக்கு அங்கால் இன்னொருவனை. எஞ்சின் சத்தம் வீடெல்லாம் கேட்டது.

“சத்தத்தைக் குறையுங்கோ, பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்,” என்று குசினிக்குள் இருந்து அம்மா சொன்னாள். பிறகு மீன் வெட்டிய கையோடு தானே வந்து வாசலில் நின்றாள். அவள் பார்த்தது டிவியை அல்ல.

இரண்டாவதாக வந்தான்.

“பாத்தியா,” என்றான் றேமண்ட். “எஞ்சினைச் செய்தோடன என்ன மாதிரிப் பறக்குது.” வீட்டுக்கு வந்த பிறகு அவன் சிரித்தது அப்போதுதான்.

“ஓம் அண்ணா.”

எஞ்சினை அவள் போன கிழமையே செய்துவிட்டிருந்தாள், அவனை விடப் போகிறார்கள் என்று செய்தி வந்த அன்றே. அதற்குப் பிறகு அந்தக் காரை யாரும் தொடவில்லை. முதல் ஓட்டத்திலும் பவர் முழுதாகத்தான் இருந்தது. அவன் குளிக்கப் போனபோது அவள் மாற்றியது பட்டனை மட்டும்தான்.

அந்த கேமில் பட்டனை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்குத்தான் கார் போகும். முதல் ஓட்டம் முழுவதும் ஐறீன் அண்ணனின் வலது பெருவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது பட்டனை விட்டு எழும்பவேயில்லை. அழுத்தத்தான் அதற்குப் பலம் இல்லை.