மொட்டைமாடிப் பீர்க்கங்கொடி

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்த பீம்ராவ், தென்னந்துடைப்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான். மாலை மணி ஐந்தே முக்கால். திருடன் வரும் நேரம்.

"இன்னாய்யா, இன்னும் வர்லியா?" மாடிப்படியிலிருந்து அவன் மனைவி அங்கம்மா கிசுகிசுத்தாள்.

"நீ கீழ போமே. உன் கொலுசு சத்தத்துக்கே ஓடிப்பூடுவான்."

"ஆமா, பெரிய போலீசு. பூத் திருடன புடிக்க தொடப்பத்தோட ஒளிஞ்சிகினு கீறாரு." சிரிப்பு படியிறங்கிப் போனது.

சிரிக்கிற விஷயமாகப் பீம்ராவுக்குப் படவில்லை. விம்கோ நகரின் அந்த மொட்டைமாடிக்கு மூன்று மாடி மண் சுமந்தவன் அவன். காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் போட்டு அடுக்கும் தெர்மாகோல் பெட்டிகளில், ஓரம் உடைந்து ஒதுக்கியவற்றில் எட்டைக் கொண்டுவந்திருந்தான். அடியில் நாலு ஓட்டை, அதன்மேல் தேங்காய் மட்டை, அப்புறம் மண்ணும் எருவும். தெர்மாகோல் வெயிலை உள்ளே விடாது, வேர் வேகாது. மாடிக்கும் பாரமில்லை.

ஏழு பெட்டிகளில் கீரையும் புதினாவும் பச்சைமிளகாயும் சொன்ன பேச்சைக் கேட்டன. எட்டாவது பெட்டியின் பீர்க்கங்கொடி மட்டும் கயிற்றில் ஏறிப் படர்ந்து, மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து, காய்க்காமல் நின்றது. பிஞ்சு வரும், பழுக்கும், உதிரும்.

கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் மாசானம் அண்ணாச்சி, கடையில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். "வெறும் பூவைப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கா மாடிவே? ஒண்ணாந்தேதிக்குள்ள அந்தக் கொடியில ஒரு காயைக் காட்டும். இல்லன்னா எட்டுப் பெட்டியையும் இறக்கிரும். எங்களுக்கு மொளகா காயப்போட எடம் வேணும்." பக்கத்தில் நின்ற அவர் மனைவி ராமசெல்வி தலையாட்டினாள்.

கெடுவுக்கு இன்னும் மூன்று நாள்தான். நாளெல்லாம் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவனுக்கு, இரும்பைத் தவிர வேறொன்றைப் பார்க்கக் கிடைத்த ஒரே இடம் இந்த மாடி. அதுவும் போய்விடும்.

நல்லவேளையாக, மீன் தலையும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைப் போன வாரம் ஊற்றியிருந்தான். அதற்கப்புறம் பிஞ்சு உதிரவில்லை. ஒன்று விரல் நீளத்தைத் தாண்டி, முதுகில் வரிகூட எழும்பிவிட்டது. "பாத்தியா என் மருந்த!" என்று அங்கம்மாவிடம் மார்தட்டியிருந்தான்.

அதே வாரம்தான் இந்தத் திருட்டும் தொடங்கியது.

பீர்க்கங்கொடியில் இரண்டு வகைப் பூ உண்டு. ஒன்று காம்பு மட்டும் உள்ளது. கொத்துக் கொத்தாய் வரும். மற்றது பின்னால் குட்டிப் பிஞ்சோடு தனியாய் வரும். இரண்டுமே சாயங்காலம்தான் மலரும். பீம்ராவ் பிஞ்சுப் பூவை மட்டும் எண்ணுவான். காம்புப் பூ அவனுக்கு வெறும் அலங்காரம்.

காணாமல் போனதெல்லாம் காம்புப் பூ. பிய்த்த இதழ்கள் மட்டும் பெட்டிக்கடியில் கிடந்தன.

"அண்ணாச்சி வேலதான்," என்று அங்கம்மா அடித்துச் சொல்லியிருந்தாள். "கொடி பட்டுப்பூட்டா மாடி அவருக்குத்தான?"

இன்று பூவைப் பிய்ப்பவன் நாளை பிஞ்சைப் பிய்க்க மாட்டானா? அதனால்தான் மதிய ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, துடைப்பத்தோடு இந்தக் காவல்.

மாடிக் கதவு முனகியது. மடித்துக் கட்டிய லுங்கியோடு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பூனைபோல் நுழைந்தார் மாசானம் அண்ணாச்சி. நேராகக் கொடியிடம் போனார். அப்போதுதான் விரிந்திருந்த காம்புப் பூவைக் கிள்ளினார். இதழ்களை ஒவ்வொன்றாய்ப் பிய்த்துப் போட்டார்.

பீம்ராவ் பாய்ந்தான். "மாட்னியா அண்ணாச்சி!"

செருப்பு நழுவி விழுந்தது. "யம்மா! ஏ, நீராவே? உசுரே போயிட்டு!"

"கெடு வெச்சா வெயிட் பண்ணு அண்ணாச்சி. நைசா வந்து கொடிய அழிச்சிக்கினு கீற? இது ஞாயமா?"

"சத்தம் போடாதேயும்வே, கீழ அவ இருக்கா."

"கேக்கட்டுமே! அக்காவும் தெரிஞ்சிக்கட்டும் உன் வண்டவாளத்த!"

"கெடு வச்சதே அவதான். நான் வாய மட்டும்தான் அசைச்சேன். மேல நான் வாரது தெரிஞ்சா இன்னைக்கு எனக்குச் சோறு கெடையாது."

பீம்ராவ் துடைப்பத்தைக் கீழே போடவில்லை. "அப்ப எதுக்குப் பூவ பிச்ச?"

அண்ணாச்சி கொடிப்பக்கம் குனிந்தார். இதழ் போன பூவின் நடுவிலிருந்த மஞ்சள் பொடியை, பிஞ்சுப் பூவின் வாயில் வைத்து, குழந்தைக்குப் பொட்டிடுவதுபோல் மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றித் தடவினார். பிறகு அடுத்த பிஞ்சுப் பூவுக்கு நகர்ந்தார்.

"இந்த லாரிப் புகைக்குள்ள தேனீ எங்கவே வரும்? ஒரு வாரமா நாந்தான் வாரேன்."