மண்டபத்தில் ஓர் இடம்

சளி முற்றி நிமோனியா ஆகியும் ஆர்டிஸ் மாத்திரையைத் தொடவில்லை. முதியோர் இல்லத்து நர்ஸ் டோனா கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"தலைநகர்ல, சட்டமன்ற மண்டபத்துல உங்களுக்கு வெண்கலச் சிலை வைக்கப்போறாங்க. உடம்பத் தேத்திக்கிட்டுப் போய்ப் பாக்க வேணாமா?"

"சிலைய ஏற்கெனவே பாத்துட்டேன். மூக்குதான் கொஞ்சம் பெருசு."

சூறாவளியில் கவிழ்ந்த பள்ளி பஸ்ஸிலிருந்து முப்பத்தொரு பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்ட டிரைவர் ஆர்டிஸ். இப்போது வயது எண்பத்தொன்பது. சிலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்த சபாநாயகரின் பதவி டிசம்பரோடு முடிகிறது. அடுத்து வருபவர் எதிர்க்கட்சிக்காரர்.

"வெர்லின், நீங்களாவது சொல்லுங்க," என்று ஆர்டிஸின் அண்ணன் மகனிடம் திரும்பினாள் டோனா. ஆர்டிஸின் சொத்துக்கு வேறு வாரிசு கிடையாது.

வெர்லின் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் என்ன சொல்லுவான்? விதிமுறைய எனக்குப் படிச்சுக் காட்டுனதே அவன்தான்," என்றாள் ஆர்டிஸ். "அந்த மண்டபத்துல செத்தவங்களுக்குத்தான் இடம். நான் டிசம்பரத் தாண்டிட்டா, வர்றவன் சிலையத் தூக்கி குடோன்ல போட்டுருவான்."

டோனா மாத்திரையை மறுபடியும் நீட்டினாள்.

வெர்லினின் கைபேசியில் சபாநாயகர் அலுவலகத்திலிருந்து சற்றுமுன் செய்தி வந்திருந்தது: 'மன்னிக்கவும். உங்கள் அத்தையின் இடத்தைப் போன மாதம் இறந்த கால்பந்துப் பயிற்சியாளருக்குக் கொடுத்துவிட்டோம்.'

இரண்டு முறை படித்துவிட்டு, கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"விடுங்க, டோனா. அத்தைக்கு வேணாம்னா வேணாம்."