விசாரித்த வகையில்

"தங்கமான பையன் அண்ணாச்சி. கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு குடுக்கலாம்" என்றார் வாட்ச்மேன் மந்திரமூர்த்தி.

பரமசிவன் இன்னும் கேள்வியையே முழுசாகக் கேட்கவில்லை. இசக்கிராஜா என்று பெயரை மட்டும்தான் சொல்லியிருந்தார். அரை நாள் லீவு போட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடி வந்து, துறைமுகச் சாலையில் இந்தக் கன்டெய்னர் யார்டைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். ஒரே மகள் சுகன்யாவுக்கு வந்திருக்கும் வரன் இங்கேதான் சூப்பர்வைசராம். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவும் மகளுக்குப் பிடித்துவிட்டது. பேச்செடுத்தாலே சிரித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள். பாக்கி இருந்தது, பையன் வேலை பார்க்கும் இடத்தில் போய் ஒரு வார்த்தை விசாரிப்பதுதான். அதை மட்டும் அடுத்தவரிடம் விடக்கூடாது என்பது பரமசிவனின் கொள்கை.

"வேலை நிரந்தரம்தானே?"

"போன மாசம்தான் பெர்மனென்ட் ஆக்குனாவ."

"ஒரு எட்டு ஆளையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் போனான். பத்து நிமிசம் முந்தி வந்திருக்கக் கூடாதா?"

பூட்டிய கேட்டுக்கு மேலே பரமசிவன் எட்டிப் பார்த்தார். உள்ளே சத்தமே இல்லையே என்றார். மாதாந்திரப் பராமரிப்பு, இன்று கரண்ட் கிடையாது என்றார் மந்திரமூர்த்தி. லாரி ஒன்றையும் காணோமே என்றதற்கு, கப்பல் வரத் தாமதம் என்று பதில் வந்தது. குடிப்பழக்கம் உண்டா என்றதற்கு, பையன் டீயே குடிக்க மாட்டான் என்றார். கேட் சக்கரம் உருளும் தடத்தில் புல் முளைத்திருந்ததைப் பற்றிப் பரமசிவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுண்டியது. மாப்பிள்ளையைப் புகழப் புகழ முகம் சுண்டுகிற மாமனாரை வேறெங்கும் பார்க்க முடியாது.

கடைசியில் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒத்தப் பொண்ணு வே. உள்ளதச் சொல்லும்."

மந்திரமூர்த்தி தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடுவதுபோலப் பார்த்துவிட்டு, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"உள்ளதத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி."

பரமசிவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் சண்டை போட வாய் வரவில்லை. ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மனைவி மாரித்தாய் போனில் கூப்பிட்டாள்.

"பையனப் பத்தி என்ன சொன்னாவ?"

"இந்த எடம் நமக்கு வேண்டாம்."

"ஏன், கொறை எதுவும் சொன்னாவளா?"

"ஒரு கொறையும் சொல்லல. அதான் வேண்டாங்கேன்."

மாரித்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளையிடம் நான் எந்த முகத்தோடு சொல்வேன் என்று அழுதாள். வேலையில்லாதவனைக் கட்டிக்கொண்டு காலமெல்லாம் அழுவதைவிட, மகள் இன்று ஒரு நாள் அழுதுவிட்டுப் போகட்டும் என்று போனை வைத்தார். அந்த மந்திரமூர்த்தியை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஒரு பெண்ணின் வாழ்க்கை ஆயிற்றே என்று அந்த மனுஷன் ஒரு நிமிஷம் யோசித்தானா?

வீட்டுக்குப் போய் மகள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. லீவு முடிய நேரமிருந்தும், ஊரின் மறுகோடியில் இருக்கும் தன் கம்பெனிக்கே பஸ் ஏறினார்.

கேட்டுக்கு வெளியே, வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார். பாபநாசத்திலிருந்து வருகிறாராம். இந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் செந்தில்முருகனைத் தன் மகளுக்குப் பேசி வைத்திருக்கிறார்களாம். பரமசிவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணப் பெத்தவன் கேக்கேன். உள்ளதச் சொல்லுங்க."

எட்டு மாதத்துக்கு முன்பு, ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட இருநூறு பேரில் கடைசியாக இந்தக் கேட்டைத் தாண்டியவன் செந்தில்முருகன். 'யாராவது விசாரிச்சு வந்தா பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி' என்று கண் கலங்கக் கேட்டுக்கொண்டுதான் போனான்.

பரமசிவன் பைக்குள்ளிருந்து காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். கேட்டில் தொங்கிய பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தங்கமான பையன் அண்ணாச்சி. கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு குடுக்கலாம்."