அடுத்த அடி

அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள்.

சந்தின் இரு பக்க வீடுகளையும் தலைக்கு மேலே செங்கல் வளைவுகள் பிணைத்திருந்தன. ஒன்றுக்குப் பின் ஒன்றாய், இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன.

கணவன் கதிரேசன் கைப்பேசி வரைபடத்தோடு முன்னால் போய்விட்டிருந்தான். இத்தாலியின் ஃபெராரா நகரில் இறங்கியதிலிருந்து அப்படித்தான். கோட்டை, அகழி, தேவாலயம். அவன் நடப்பான். அவள் பின்னால் ஓடுவாள்.

"ஏய் மங்கை, என்ன வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறே? வா."

ஓடினாள். கூழாங்கல் பாவிய தெரு. செருப்பு வழுக்கியது.

பின்னால் சைக்கிள் சத்தம்.

தோள்பை வெடுக்கென்று இழுபட்டது. வார் அறுபடவில்லை. அவளையும் சேர்த்து இழுத்தது. முழங்கால் கல்லில் மோதியது. தரையோடு தேய்ந்துகொண்டே கொஞ்ச தூரம் போனாள்.

பிறகு வார் அறுந்தது. சைக்கிளும் சரிந்தது.

கதிரேசன் பாய்ந்து வந்து சைக்கிளில் வந்த ஆளைப் பிடித்தான். நரைத்த தாடி, ஒட்டிய கன்னம். திருடன் பையை உடனே கீழே போட்டான். இரண்டு கைகளையும் தூக்கினான்.

கதிரேசனுக்கு அது போதவில்லை.

முதலில் கன்னம். பிறகு தலைமுடி. முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் ஒரு மோதல்.

இனி முழங்கை வரும். அவளுக்குத் தெரியும்.

வந்தது. மூக்கு உடைந்த சத்தம் வளைவுகளுக்குள் எதிரொலித்தது.

அடுத்தது வயிறு. கீழே விழுந்த பிறகு விலா. வரிசை மாறவே இல்லை.

மேலே ஒரு சன்னல் திறந்தது. யாரோ கத்தினார்கள்.

"விடுங்க! செத்துடுவான், விடுங்க!" மங்கை அலறினாள்.

நொண்டிக்கொண்டே போய் நடுவில் விழுந்தாள். கதிரேசனின் கை அவள் முகத்துக்கு நேரே ஓங்கியது. ஆட்கள் கூடிவிட்டதைப் பார்த்துத்தான் தாழ்ந்தது.

போலீஸ் வந்தது. ஓர் ஆண், ஒரு பெண்.

திருடனைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அவன் வாயிலிருந்து ரத்தம் நூலாக இறங்கியது.

பெண் போலீஸ் மங்கையின் முன்னால் மண்டியிட்டாள். முழங்காலைத் துடைத்தாள். கையிலும் சிராய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

தோள் வரைக்கும் விரல் தடங்கள். சில நீலம். சில மஞ்சளாகிவிட்டிருந்தன.

பெண் போலீஸின் கை அப்படியே நின்றது.

"இது இன்றைக்குப் பட்டது இல்லையே?" ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்.

கதிரேசன் சிரித்த முகத்தோடு குனிந்தான். ஆறுதல் சொல்பவனைப் போல மனைவியின் தலையைத் தடவினான். தமிழில் சொன்னான்.

"கீழ விழுந்ததுன்னு சொல்லு. வேற எதுக்காவது வாயைத் திறந்தே, ரூமுக்குப் போனதும் கொன்னு போட்டுருவேன்."

பெண் போலீஸ் அவனைப் பார்த்தாள். பிறகு அவளை.

"உன் கணவர் என்ன சொல்கிறார்?"

 

அவன் சொன்னதை மங்கை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள்.

தலைமேல் இருந்த கை இறுகியது.

அவள் ஒரு சொல்லையும் விடவில்லை.